மை வராத கட்டம்

மீனலோசனி ஆப்செட்டில் ஆறு பேர் விலங்கினராக மாறிய வெள்ளிக்கிழமையன்று, அந்த ஆறு பேரில் ஒருவர்கூட வேலைக்கு வராமல் இருந்துவிடவில்லை. ஏனெனில் அது காலண்டர் சீசன், ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுப் பிடித்த ஆர்டர்களெல்லாம் தலைமேல் நின்றன, சிவகாசியில் அந்த மாதங்களில் காய்ச்சல்காரர்களே காய்ச்சலோடு வந்து தாள் அடுக்குவது வழக்கம் என்னும்போது, அலகு முளைத்தது, ஓடு முளைத்தது என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

முதலில் வந்தவர் முதலாளி ஜெயபாண்டியன். காருக்குள் அடங்காத கூழைக்கடா அலகைக் கண்ணாடி வழியே வெளியே நீட்டியபடி வந்து இறங்கி, கார்ச் சாவி, கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, சாப்பிடாத இட்லிப் பொட்டலம் ஆகிய யாவற்றையும் அலகின் அடியில் தொங்கிய பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் யாரையும் பாராமல் தம் அறைக்குள் போனார். வாசலில் காவலாளி உச்சிமாகாளி, எலுமிச்சம்பழம் போன்ற இரு தேவாங்குக் கண்களை வெயிலுக்குப் பாதி மூடியபடி அவருக்கு வணக்கம் வைத்தார். மை கலக்கும் சுடலைமுத்து மஞ்சள் சுவரைக் கடந்தபோது மஞ்சளாகவும் நீலக் கதவைக் கடந்தபோது நீலமாகவும் வந்து, அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போடும்போது தாளோடு தாளாக வெளுத்துப் பச்சோந்தியானார். மடிப்புப் பிரிவு ரெஜினா இரு கொடுக்குகளில் ஒன்றால் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தாள். தாள் எண்ணும் மாரிச்செல்வி சிள்வண்டின் கண்ணாடிச் சிறகுகளோடு வந்தாள். அவள் வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்டது என்றாலும், அது முன்பும் அப்படித்தான்.

கடைசியாக வந்தவர் கட்டிங் மெஷின் வேதமாணிக்கம். இடுப்புக்கு மேல் அவர் அவராகவே இருந்தார், அதே அரைக்கைச் சட்டை, அதே நரைத்த மீசை. நெற்றியில் மட்டும் இரண்டு மெல்லிய உணர்கொம்புகள் அசைந்தன. இடுப்புக்குக் கீழே கால்களுக்குப் பதில் ஒற்றைப் பாதமும், முதுகில் பழுப்பு நிறத்தில் சுருண்டெழுந்த ஓடும் இருந்தன. வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பியவர் பதினொன்றரைக்கு வாசலைத் தொட்டார், பகல் உணவு மணி அடித்தபோது மெஷினைத் தொட்டார், அவர் வந்த வழியெங்கும் தரையில் வார்னிஷ் அடித்தாற்போல ஒரு பட்டை மின்னியது.

ஊர் இதற்கு வியந்ததா என்றால், இல்லை. யானைமுகமும் சிங்கமுகமும் குதிரைமுகமும் பன்றிமுகமும் நாள்தோறும் நான்கு வண்ணத்தில் அச்சாகி, ஈரம் காயக் காய அடுக்கப்பட்டு, லாரியேறிப் போகும் ஊரில், ஒரு மனிதருக்குப் பறவையின் அலகு இருப்பதை யாரும் குறையாகக் கருதவில்லை. பக்கத்து அச்சகக்காரர்கள் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன என்று மட்டும் சொல்லிப் போனார்கள். ரேஷன் கடையில் ரெஜினாவின் கொடுக்கைக் கைரேகைக் கருவி ஏற்க மறுத்தபோது, விற்பனையாளர் அலட்டிக்கொள்ளாமல் 'ரேகை தேய்ந்தவர்' என்னும் பழைய குறிப்பையே போட்டுச் சர்க்கரை நிறுத்துக் கொடுத்தார், காலமெல்லாம் தாள் தேய்த்து ரேகை இழந்த விரல்கள் அந்த வரிசையில் ஏற்கெனவே முப்பது இருந்தன. பஸ் கண்டக்டர் மாரிச்செல்வியிடம் சிறகை மடக்கிக்கொள்ளச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அச்சகத்துச் சங்கு பழுதானபோது அவளையே மாடியில் ஏற்றிக் கத்தச் சொன்னார்கள், அதன்பின் அந்தச் சங்கைப் பழுதுபார்க்க யாரும் ஆள் அனுப்பவில்லை. சுடலைமுத்துவின் முதுகில் வாடிக்கையாளரின் மாதிரி வண்ணத்தைக் காட்டினால் போதும், முதுகு எந்த நிறத்துக்கு வருகிறதோ அந்த நிறத்துக்கு மை கலக்கலாம் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. உச்சிமாகாளியின் இரவுக் காவலில் ஒரு பூனைகூட உள்ளே வரவில்லை. இவ்வாறாக அந்த அதிசயம், மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுப்பதைப்போல, மெல்ல மெல்ல வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஒருத்திக்கு மட்டும் அந்த வெள்ளி முதல் பன்னிரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அவள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பத்துக்கு வயது நாற்பத்தாறு, பத்தொன்பது ஆண்டாக அச்சகத்தில் தரம் பார்ப்பது அவள் வேலை. அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்லள் எனினும், எதையும் அடிக்கோலால் அளந்து, பிழையைச் சிவப்பு மையில் சுழித்து, தேதியோடு கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தால் அனைவருக்கும் அவள் 'டீச்சர்'. அச்சிட்ட படிவம் எதுவாயினும், வண்டியேறுமுன் அதில் பந்துமுனைப் பேனாவால் எழுதி, மை பரவுகிறதா, மறுபக்கம் ஊறுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மற்ற அச்சகங்களில் இதற்கு நான்கு கோடு கிழிப்பார்கள், அல்லது 'முருகன் துணை' என்று எழுதுவார்கள். தங்கபுஷ்பம் அப்படிச் செய்யமாட்டாள். படிவம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒவ்வொரு கட்டமும் நிரம்ப வேண்டும், நிரம்புவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. மகப்பேறு மருத்துவமனையின் படிவத்தைச் சோதித்த அன்றுகூடத் தன் பெயரை எழுதி, எஞ்சிய பதினேழு கட்டங்களிலும் 'பொருந்தாது' என்று அழகிய எழுத்தில் எழுதியவள் அவள்.

அந்த வெள்ளிக்கு முந்தைய வியாழக்கிழமை அவள் மேசைக்கு வந்தது ஒரு விளையாட்டின் தாள். கோவையில் இளவெயினி என்னும் பெண்ணும் அவள் நண்பர் இருவரும் உண்டாக்கிய விளையாட்டு அது: ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் தம்மை வேறொருவராக எழுதிக்கொண்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ப அந்த வேறொருவராகவே பேசிச் சண்டையிட்டுக் காடு கடப்பது. இத்தகைய ஆட்டங்களில் வழக்கமாக வரும் வில்லாளரையும் குள்ளரையும் மந்திரக்காரரையும் கண்டு சலித்தவர்களுக்காக, இவர்கள் எவரும் நினையாத விலங்கின மக்களைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். தாள்கள் ஏழு. ஆறு தாள்களின் தலைப்பில் கூழைக்கடா, சிள்வண்டு, பச்சோந்தி, தேவாங்கு, நண்டு, நத்தை என ஒவ்வோர் இனம் அச்சாகியிருந்தது. ஏழாம் தாளில் இனம் என்னும் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நிரப்ப மூன்று கட்டங்கள்: பெயர், குறை, ஆற்றல்.

கூழைக்கடாத் தாளை எடுத்ததும் பேனா தானாகவே முதலாளியின் பெயரை எழுதியது. குறை, எடுத்தால் கொடுக்கமாட்டார். ஆற்றல், எதையும் தவறவிடமாட்டார். மாரிச்செல்விக்கு, ஓயாத பேச்சு. மெஷின் இரைச்சலிலும் கேட்கும் குரல். சுடலைமுத்துவுக்கு, எதிரில் நிற்பவரின் கருத்தே தம் கருத்து. நிறம் தவறாத கண். ரெஜினாவுக்கு, எதையும் நேராகச் சொல்லாள், பிசகாத மடிப்பு. உச்சிமாகாளிக்கு, பகல் தூக்கம், இரவு விழிப்பு. இதில் எதிலும் அவளுக்குத் தீய எண்ணம் இல்லை. அடிக்கோல் வைத்து அளந்தால் என்ன வருமோ அதை எழுதினாள், அவ்வளவே.

நத்தைத் தாளில் 'வேதமாணிக்கம்' என்று எழுதினாள். குறை என்னும் கட்டத்தில் 'தாமதம்' என்று எழுதினாள். இதற்கு ஒரு காரணம் உண்டு. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பங்குனி மாதத்தில், வெட்டிய தாளைக் கொடுக்க வந்த வேதமாணிக்கம், "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். அதற்குள் பேப்பர் லாரி வந்துவிட்டது. இறக்கப் போனவர் மீதியை இன்றுவரை சொல்லவில்லை. இருவருக்கும் மணமாகியிருக்கவில்லை, ஊரும் கேட்டுக் கேட்டு அலுத்துக் கேட்பதை விட்டுவிட்டது. மற்றவர்களெல்லாம் அவரை வேதம் அண்ணாச்சி என்பார்கள். தங்கபுஷ்பம் மட்டும் அவரை அண்ணாச்சி என்று அழைத்ததில்லை, வேறெப்படியும் அழைத்ததில்லை, சொல்ல வேண்டியதை மெஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள்.

பிறகு ஆற்றல் என்னும் கட்டத்தில் ஒரு முழு வரி எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தால் மை வரவில்லை, பேனா தீர்ந்திருந்தது. தாளில் முனை அழுந்திய வெறும் தடம்தான் இருந்தது. அது பேனாவின் குற்றம், தாளின் குற்றம் அன்று. ஆகவே மறுபடி எழுத வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே ஒரு விதி சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டபோது அவள் காது சிவந்திருந்தது. வேறு பேனா எடுத்து ஏழாம் தாளில் தன் பெயரை எழுதினாள். இனம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் யோசித்தும் தெரியாததால் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படிவத்தைப் பாதியில் விட்டு, தேதியிட்டு, கையெழுத்திட்டு, ஏழையும் வாசல் நடையில் தொங்கும் கம்பிக் கோப்பில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சோதித்த தாள் ஒரு மாதம் அனைவர் கண்ணிலும் படும்படி அந்தக் கம்பியில் தொங்க வேண்டும் என்பது விதி. அனைவர் கண்ணிலும் படும்படித் தொங்குவதால் அதை எவரும் ஒருநாளும் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்று ஒவ்வொருவராக வருவதைப் பார்த்த கணத்திலேயே தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பியிலிருந்து அந்த ஏழு தாள்களையும் உருவி எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கை நீட்டினாள். ஆனால் ஒரு மாதம் முடியுமுன் கம்பியிலிருந்து தாள் எடுக்கும் பழக்கம் அந்தக் கைக்கு இல்லை, அது பாதி வழியில் நின்று, சுவரில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. பன்னிரண்டு நாளும் இதே நடந்தது. அந்தச் சுவர் மட்டும் அச்சகத்திலேயே மிகச் சுத்தமாக இருந்தது.

பிறர் மாறியது அவளை அவ்வளவாக வருத்தவில்லை, ஏனெனில் ஒவ்வொருவருக்கும் குறையோடு ஓர் ஆற்றலும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். வேதமாணிக்கத்துக்கோ குறை மட்டுமே மையில் இருந்தது. தாமதம் வந்தது, அதற்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போய்வருவதை விட்டுவிட்டார், வீடுதான் முதுகிலேயே இருந்ததே. மெஷின் பக்கத்திலேயே இருந்து, கத்தியின் கீழ்த் தாளை முன்போலவே தட்டி நேராக்கி, முன்போலவே ஒருமுறை மூச்சை நிறுத்தி வெட்டினார். ஆனால் வெட்டிய தாள் கட்டை எண்ணும் மேசைக்குக் கொண்டுபோக அவருக்கு அரைமணி ஆயிற்று, போகிற வழியில் ஓரத் தாள்கள் இரண்டு ஈரம் பட்டன. ஒன்பதாம் நாள் முதலாளி தம் அலகைத் திறந்து, வேதத்தைக் கிடங்குக்கு மாற்றிவிடலாம், அங்கே அவசரமே கிடையாது, மெஷினுக்கு மதுரையிலிருந்து வேறு ஆள் வருகிறான் என்று சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் அவர் பைக்குள் போன முடிவு வெளியே வந்ததாக வரலாறு இல்லை. முப்பத்தோராண்டு அந்தக் கத்தியோடு வாழ்ந்த வேதமாணிக்கம், பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, அது வெளிவருமுன் முதலாளி அறைக்குப் போய்விட்டார்.

மதுரை ஆள் வேகமானவன். அவன் வெட்டிய தேதிக் காலண்டர் தாளைத் தங்கபுஷ்பம் அளந்தாள்: அரை மில்லி கூடுதல். அடுத்த கட்டு ஒரு மில்லி குறைவு. அன்று முழுதும் அளந்தாள், மறுநாளும் அளந்தாள், சிவப்புப் பேனா ஒன்று தீர்ந்து இன்னொன்று எடுத்தாள். கிடங்கில் தாள் கட்டுகளுக்கிடையே ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு வேதமாணிக்கம் இருப்பதை ஜன்னல் வழியே பார்த்தாள், இரண்டு உணர்கொம்புகள் மட்டும் மெஷின் ஓசை வரும் திக்கை நோக்கி நீண்டிருந்தன.

பன்னிரண்டாம் நாள் கோவையிலிருந்து இளவெயினி வந்தாள். தான் ஏட்டில் படைத்த மக்கள் இங்கே கூடம் முழுக்க நடமாடுவதைக் கண்டு அவளும் வியந்து நிற்கவில்லை; பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, தேவாங்கினருக்கு வால் கிடையாது, சரி, நண்டினருக்குக் கொடுக்கு இரண்டு, சரி, நத்தையினரின் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு கட்டம், இவர் ஒன்றுதான் போகிறார் போலிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அவ்வளவு ஒழுங்காக ஒரு பெண் சரிபார்ப்பதைக் கண்டு தங்கபுஷ்பத்துக்கு அந்தத் துன்பத்திலும் ஒரு மரியாதை தோன்றியது. பின்பு இளவெயினி, இவர்களுடைய தாள்களை எழுதியது யார் என்று கேட்டாள்.

அப்போது பகல் உணவு வேளை, பேக்கிங் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கு வாசலில் வேதமாணிக்கமும் இருந்தார். தங்கபுஷ்பம் எழுந்து போய், ஒரு மாதம் முடியாத கம்பியிலிருந்து ஏழு தாள்களையும் உருவி எடுத்து வந்து நடுவில் வைத்தாள். அவள் விதி மீறித் தாள் எடுத்ததை அனைவரும் கண்டார்கள், அதுவே பாதி வாக்குமூலம் ஆயிற்று.

"நான்தான் எழுதினேன்," என்றாள். "எழுதிப் பார்க்கறதுக்காக எழுதினது. ஆனா, நினைச்சதைத்தான் எழுதினேன்."

தாள்கள் கைமாறின. ஒவ்வொருவரும் தத்தம் குறையை மட்டும் படித்தார்கள், பிறகு அடுத்தவர் குறையைப் படித்து, அது மிகவும் சரி என்றார்கள். தம்மை விலங்காக்கியதைப்பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தகவல் சரியில்லை என்பதே எல்லாருடைய வழக்காகவும் இருந்தது.

"ஓயாத பேச்சுன்னு எழுதியிருக்கீங்களே டீச்சர், இந்தக் கம்பெனில ஓயாம பேசுறது யாரு, நானா?" என்று தொடங்கிய மாரிச்செல்வி, தான் பேசாதிருந்த நாட்களை ஆண்டு வாரியாகச் சொல்லி வந்தாள், அவை மொத்தம் மூன்று. சுடலைமுத்து முகம் கறுத்து, அதாவது உண்மையாகவே கறுத்து, தமக்கென்று ஒரு கருத்து கிடையாது என்று சொல்வதை ஒப்ப முடியாது என்றார். கிடையாது என்றுதான் நானும் நினைக்கிறேன் என்று முதலாளி சொன்னதும், ஆமாம், முதலாளி சொல்வதும் சரிதான் என்றார். ரெஜினா யாரையும் பாராமல், சிலபேர் மற்றவங்களைப்பத்தி நல்லாத்தான் எழுதுறாங்க, தங்களைப்பத்தி எழுதச் சொன்னா மட்டும் பேரோட நிறுத்திக்கிறாங்க என்று சுவரிடம் சொன்னாள். தாள்களைக் கிழித்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமா என்று உச்சிமாகாளி கொட்டாவிக்கிடையே கேட்டார். தாள் கிழிந்தால் ஆட்டத்தில் அவர் இறந்தவராவார் என்று இளவெயினி விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் தத்தம் தாளைச் சட்டென்று, ஆனால் மடிப்பு விழாமல், கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நத்தைத் தாள் கடைசியாக வேதமாணிக்கத்திடம் போயிற்று. அவர் 'தாமதம்' என்பதைப் படித்தார். தலையசைத்தார். ஆற்றல் என்னும் வெற்றுக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அதுல ஒண்ணும் இல்ல," என்றாள் தங்கபுஷ்பம் விரைவாக. "பேனா தீர்ந்துபோச்சு."

வாழ்நாளெல்லாம் தாளோடு இருந்த மனிதரை அப்படிச் சொல்லி ஏமாற்ற முடியாது. அவர் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தார், பின் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தாழ்த்தினார். இரண்டு உணர்கொம்புகளும் கட்டத்தின் இடது ஓரத்தில் அமர்ந்து, பேனா முனை அழுந்திய பள்ளத்தை எழுத்தெழுத்தாகத் தடவத் தொடங்கின. ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. கூடத்தில் சோறு காய்ந்தது, ரசம் ஆறியது, மாரிச்செல்வி தன் பேசாத நாட்களின் கணக்கை நான்காக்கினாள். தங்கபுஷ்பம் தரையைப் பார்த்து நின்றாள். ஓடிப்போக அவளுக்கு நேரம் தாராளமாக இருந்தது, அதுதான் கொடுமை.

"இவர் வெட்டிய தாளை..." என்றார் வேதமாணிக்கம். பிறகு பதின்மூன்று நிமிடம் உணர்கொம்புகள் நகர்ந்தன. "...நான் அளந்து பார்ப்பதில்லை."

கூடத்தில் இருந்தவர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். முதலாளி வெட்டிய சீட்டையும் மூலையை மடித்து அளப்பவள், கோயில் பிரசாதப் பொட்டலத்தின் ஓரம் கோணியிருந்தால் திருத்தி மடிப்பவள், பத்தொன்பது ஆண்டு அந்தக் கட்டிங் மெஷினிலிருந்து வந்த எந்தத் தாளிலும் அடிக்கோல் வைக்கவில்லை என்பதை அவர்கள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள். மாரிச்செல்வியின் சிறகு மட்டும் மெல்ல ஒருமுறை அதிர்ந்தது.

வேதமாணிக்கம் தாளை நீட்டினார். "மை போட்டுக் குடுங்க, டீச்சர்."

அத்தனை பேர் முன்னிலையில் தங்கபுஷ்பம் குந்தி உட்கார்ந்து, தான் எழுதிய பள்ளத்தின் மேலேயே, ஒரு மயிரிழை விலகாமல், மையால் எழுதினாள். எழுதி முடித்ததும் முதலாளி அலகைத் திறந்து, சிறிது துழாவி, ஒன்பதாம் நாள் உள்ளே போன முடிவை வெளியே எடுத்தார். மதுரை ஆள் வெட்டிய தாளைத் தூக்கிக்கொண்டு எண்ணும் மேசைக்கு ஓடட்டும், கத்தியில் வேதமே இருக்கட்டும் என்றார். அவருடைய பையிலிருந்து ஒன்று திரும்பி வந்தது அதுவே முதல்முறை என்பதால், ரெஜினா அந்த நாளைக் காலண்டரில் கொடுக்கால் குறித்து வைத்தாள்.

ஆனால் ஏழாம் தாள் மிச்சம் இருந்தது. பெயர் மட்டும் எழுதிய தாளை என்ன செய்வது என்று கேட்டதற்கு இளவெயினி புத்தகத்தைப் புரட்டி, தொடங்கிய தாளை முடிக்காமல் விடக்கூடாது, தம் இனத்தைத் தாமே எழுதிக்கொள்ளத் தெரியாதவருக்கு உடன் ஆடுபவர் எழுத வேண்டும், எழுதியதை மறுநாள் விடியும்வரை அவர் பார்க்கக்கூடாது என்று படித்தாள். யார் எழுதுவது என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லாருடைய முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

வேதமாணிக்கம் அந்தத் தாளை மெஷினுக்கு எடுத்துச் சென்று மூன்று நாள் வைத்திருந்தார். அந்த மூன்று நாளும் அச்சகத்தில் வேறு பேச்சே இல்லை. முள்ளம்பன்றி என்றாள் மாரிச்செல்வி, மரங்கொத்தி என்றார் உச்சிமாகாளி, யார் எதைச் சொன்னாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் சுடலைமுத்து. பக்கத்துத் தேநீர்க் கடையில் தேள் என்றார்கள். தங்கபுஷ்பம் யாரையும் திருத்தவில்லை. தன்னை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார் என்னும் எண்ணம் அவளுக்குப் புதிது. இரவில் படுத்தால், தான் எத்தனை மில்லி கூடுதல், எத்தனை மில்லி குறைவு என்றே மனம் கணக்கிட்டது. சிவப்பு மையில் சுழிக்கப்பட்ட ஒவ்வொரு தாளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் ஒருமுறை நினைத்தாள்.

நான்காம் நாள் காலையில் கண்விழித்தபோது உடம்பு கனத்தது. கையைப் பார்த்தாள்; தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிய செம்பழுப்புச் செதில்கள். கண்ணாடி முன் திரும்பி நின்று முதுகைப் பார்த்தாள். அழுங்கு. மலையடிவாரத்துக் காட்டில் எறும்பு தின்று, அரவம் கேட்டால் பந்தாய்ச் சுருண்டுவிடும் அந்தக் கூச்சமுள்ள உயிர். முதலில் அவள் செய்தது, செதில்களைச் சரிபார்த்ததுதான். கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசை வரிசையாகப் பார்த்தாள், ஒன்றுகூட இடம் மாறி இல்லை. பிறகு சேலையைக் கூடுதல் கவனத்தோடு கட்டிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனாள்.

வாசல் நடையில் கூட்டம் நின்றது. அவளைக் கண்டதும் கூட்டம் பிரிந்து வழிவிட்டது. கம்பியில் ஏழாம் தாள் தொங்கியது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிழை பார்க்கும் முறையிலேயே, மேலிருந்து படித்தாள்.

இனம்: அழுங்கு.

குறை: தொட்டால் சுருண்டுகொள்வார்.

ஆற்றல்: ஒரு செதிலும் வரிசை மாறாது.

அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். தங்கபுஷ்பத்தின் கண் மட்டும் பழக்கத்தால் தாளின் ஓரம்வரை போயிற்று. அச்சிட்ட தாளின் நான்கு மூலையிலும் வெட்டுக்குறி என்று மெல்லிய கோடு இருக்கும். அதற்கு வெளியே இருப்பது கத்திக்குப் போகும் பகுதி, அதை வெட்டுபவரும் தரம் பார்ப்பவரும் தவிர உலகில் எவரும் பார்ப்பதில்லை, அங்கே எதையும் எழுதக்கூடாது என்று பத்தொன்பது ஆண்டாக அவளே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். அந்த இடத்தில், வெட்டுக்குறிக்கு வெளியே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'அன்னைக்கு லாரி வந்துருச்சு. சுருண்டா, விரியுற வரைக்கும் பக்கத்துல இருக்கறதுக்கு எனக்கு நேரம் இருக்கு. இதத்தான் சொல்ல வந்தேன்.'

தங்கபுஷ்பம் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை. அதற்குள் அவள் முகம் தாழ்ந்தது, முதுகு வளைந்தது, செதில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசையோடு அவள் வாசல் நடையின் நட்டநடுவில், அட்டெண்டன்ஸ் போட வந்த அனைவரும் சுற்றிப் போகும்படி, ஒரு பெரிய பந்தாகச் சுருண்டுகொண்டாள்.

மாரிச்செல்வி மாடியேறி ஊருக்கே அறிவித்தாள். முதலாளி சுற்றி நடந்தார், ரெஜினா பக்கவாட்டில் நடந்தாள், சுடலைமுத்து செம்பழுப்பானார். உள்ளே மெஷின்கள் ஓடத் தொடங்கின. கட்டிங் மெஷின் மட்டும் ஓடவில்லை. சற்றைக்கெல்லாம், ஈரமான ஏதோ ஒன்று சிமெண்ட் தரையில் நகரும் மெல்லிய ஓசை, இருட்டுக்குள் சுருண்டிருந்தவளுக்குக் கேட்டது.

மெஷினிலிருந்து வாசல் நடைக்கு நாற்பதடி தூரம். நடுவே இரண்டு தாள் கட்டும் ஒரு படியும் உண்டு. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரோ கேட்டார்கள், உணவு மணிக்குள் வந்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். ஓசை வந்துகொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் விரிந்து எழுந்திருக்க முடியும் என்பது தங்கபுஷ்பத்துக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. இருந்தும் அவள் அப்படியே இருந்தாள், தூரத்தையோ நேரத்தையோ அளந்து பார்க்கவில்லை.